ஹாப்ஸ் மாப்பிள்ளை

மதுவிலக்கை எடுத்துவிட்டுக் கடைகளைத் திறந்துவிட்ட சமயம் அது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் போய் வந்தாலே வேதசிரோமணி சாருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்றவர். திருச்சபையில் மதுவிலக்குச் சங்கத்துக்குச் செயலாளர். அப்பேர்ப்பட்ட மனிதரிடம் போய், மகளுக்கு வரன் கொண்டுவந்த தேவானந்தம் இப்படியா ஆரம்பிப்பது?

"மாப்பிள்ளை தனசிங் கிண்டியில ஆராய்ச்சி பண்றார் சார். ஏதோ ஹாப்பிங்காம்."

"ஹாப்ஸா? யோவ், அது பியர்ல கசப்புக்குப் போடுற பூவுய்யா! நான் பாடம் நடத்தினவன். பியர் காய்ச்சுறவனுக்கா என் பொண்ணைக் கேட்டு வந்தே?"

தேவானந்தம் ரயில்வே குமாஸ்தா. அது பூவா காயா என்று அவர் எதைக் கண்டார்? பேந்தப் பேந்த விழித்தார்.

அடுக்களையில் நின்ற மகள் ஜெயசீலி காதைத் தீட்டிக்கொண்டாள். தாயில்லாப் பெண். முப்பதை எட்டப் போகிறாள். வந்த வரன்களையெல்லாம் அப்பா ஏதாவது ஒரு குறை சொல்லித் தட்டிக்கழித்தாயிற்று. இந்தத் தனசிங்கைத் தேவானந்தம் வீட்டில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். அங்கே ஒத்தாசைக்குப் போன இடத்தில் அவள் கொடுத்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை போட மறந்துட்டீங்க" என்று பட்டென்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனால் மனுஷி என்ன செய்வாள்?

அவள் கல்லூரியில் விலங்கியல் நடத்துபவள். ஹாப்பிங் என்றால் ஹாப்பர், ஹாப்பர் என்றால் நெல்லில் வரும் தத்துப்பூச்சி என்று அவள் மனசு அதுபாட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுவிட்டது. விறுவிறுவென்று கூடத்துக்கு வந்தாள்.

"பூ இல்லப்பா, பூச்சி. பயிரை அழிக்கிற தத்துப்பூச்சியைப் பத்தி ஆராய்ச்சி பண்றார். அவர்கிட்டயே கேட்டேன்."

கேட்டாளா? எங்கே கேட்டாள்! பொய் அவ்வளவு சரளமாக வந்ததில் அவளே ஆடிப்போனாள்.

வேதசிரோமணி சார் மகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "அப்படியா? சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லு. பெரும்பாக்கத்துல என் தம்பி வயல் பூராவும் அந்தச் சனியன்தான். என்ன மருந்துன்னு சொல்லட்டும்" என்றார்.

அன்றிலிருந்து ஜெயசீலிக்குச் சோறு இறங்கவில்லை. கல்லூரி நூலகத்தில் ஒரு விஞ்ஞான அகராதியை எடுத்துப் புரட்டினாள். அடக் கடவுளே, அந்த ஒரு சொல் தாவரவியலில் கொடி, அவள் பாடத்தில் பூச்சி. ரேடியோக்காரர்களுக்கோ, அலை வானத்தில் பட்டுத் திரும்பி வருகிற ஒரு தாவல். பௌதிகத்தில் எலக்ட்ரான். இதில் அவனுடையது எது? பூச்சி இல்லையென்றால் தன் பொய் சந்தி சிரித்துவிடுமே! முன்கூட்டியே சொல்லி வைக்கலாமென்றால் எப்படிச் சொல்வது? சர்க்கரை இல்லையென்பதையே மறைக்கத் தெரியாத மனுஷன், பூச்சி தெரியும் என்றா நடிக்கப்போகிறான்?

சனிக்கிழமை வந்தது. வாசலிலேயே அவனை மடக்கிவிடலாமென்று கேட் அருகே போய் நின்றாள். அப்பாவும் வந்து பக்கத்திலேயே நின்றுகொண்டார். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே நெல்தாளும், குதித்துக் குதித்துக் கண்ணாடியில் முட்டிக்கொள்ளும் பூச்சிகளும். தனசிங் செருப்பைக் கழற்றுவதற்குள் அதை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுக்கு என்ன தம்பி அடிக்கலாம்?"

ஜெயசீலி கண்ணாலேயே கெஞ்சினாள். தனசிங் பாட்டிலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"எனக்குப் பூச்சி பத்தித் தெரியாதே சார்."

தீர்ந்தது. ஜெயசீலிக்குக் காதுக்குள் ங்கொய் என்றது.

"அப்போ பியர்தான்!"

"பியரா? ஐயையோ, நான் பௌதிகம் சார்." அவன் வாசலில் நின்றபடியே சொன்னான். "சில பொருள்ல கரண்டு ஒழுங்கா ஓடாது. எலக்ட்ரான் ஒரு இடத்துல மாட்டிக்கும். கொஞ்சம் சூடு கிடைச்சா பக்கத்து இடத்துக்கு ஒரே தாவு. அதுதான் ஹாப்பிங்."

வேதசிரோமணி சார் மகளைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டேன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்பா."

ஒரு கத்தலை எதிர்பார்த்து அவள் தலைகுனிந்து நின்றாள். கத்தல் வரவில்லை. அப்பா பாட்டிலைச் சுவரோரம் வைத்துவிட்டு இழுத்து இழுத்துப் பேசினார். "கரண்டுன்னா... ஆபத்தாச்சே. ஷாக் கீக் அடிச்சா? என் பொண்ணு கதி?"

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்று உறைத்தது. பீடி பிடிக்கிற சித்தப்பா இருக்கிறார் என்று ஒரு வரன் போயிற்று. தவக்காலத்தில் சினிமா பார்த்தான் என்று இன்னொன்று. இப்போது பியர். பியரும் இல்லையென்று ஆனதும் ஷாக்!

"அப்பா, அவர் வேதாகமமே ஆராய்ச்சி பண்ணினாலும் நீங்க ஒரு குறை கண்டுபிடிப்பீங்க. நான் இந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதானே?"

வேதசிரோமணி சார் படியில் உட்கார்ந்துவிட்டார். மதுவிலக்குக் கூட்டங்களில் முழங்குகிற குரல் கம்மிப்போயிருந்தது.

"நீயும் போயிட்டா... சாயங்கால ஜெபத்துல எனக்கு ஆமென் சொல்ல யாரும்மா இருக்கா?"

அவளுக்கு, இல்லையப்பா, போகவில்லை என்று சொல்லிவிட வாய்வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் நின்றாள்.

வெகுநேரம் கழித்து, "உள்ளே வாங்க. ஜெபம் பண்ணுவோம்" என்று அப்பா எழுந்தார்.

மூவரும் கூடத்தில் முழங்காலிட்டார்கள். அப்பா தேசத்துக்காக ஜெபித்தார், குடிகாரர்களுக்காக ஜெபித்தார், பெரும்பாக்கத்துத் தம்பியின் பயிருக்காகவும் ஜெபித்தார். ஜெயசீலி கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தாள். இந்த வீட்டில் அப்பா எதையும் நேரே சம்மதிப்பதில்லை. ஜெபத்தில் பெயர் வந்தால்தான் உண்டு.

"ஆண்டவரே, என் மகள் ஜெயசீலியை ஆசீர்வதியும்..." அதோடு நின்றுவிட்டார்.

"தனசிங்கையும்."

ஜெயசீலிக்குக் குரலே எழும்பவில்லை. தனசிங்தான், வீடு முழுக்கக் கேட்கும்படி, "ஆமென்" என்றான்.