தவறி

நூற்றெழுபது வருஷக் கதையை ஒரே கல்லில் அடக்க வேண்டுமாம். மாதா கோயில் கமிட்டிக்காரர்களுக்கு அப்படி ஓர் ஆசை. அஸ்திவாரம் போட்டது, மணி வந்து இறங்கியது, கடலில் போகிறவர்களுக்கு அந்த ஊசிக் கோபுரமே கரைக்கு அடையாளமாக நின்றது, இடி விழுந்து அது பிளந்தது, முப்பது வருஷத்துக்கு முன் திரும்பக் கட்டியது எல்லாம் கல்லின் மேல் கரியால் எழுதியாகிவிட்டது. இனி செதுக்க வேண்டியதுதான். பதினோராவது வரியில்தான் உளிக்காரருக்குக் கை ஓடவில்லை.

'கொத்தனார் ஒருவர் தன் தவறால் விழுந்து மாண்டார்.'

அட பாவிகளா! பழியைத் தூக்கிச் செத்தவர் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் என்ன எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

மறுக்க வேண்டியவர் உளிக்காரர்தான். கோபுரத்தைத் திரும்பக் கட்டிய அன்றைக்கு அவர் சாரம் கட்டுகிற ஆள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. உச்சிப் பலகைக்கு மூன்று சுற்றுப் போட வேண்டிய கயிற்றை ஒரு சுற்றோடு விட்டுவிட்டு இறங்கிவிட்டார். மறுநாள் காலையில் கொத்தனார் ஏறினார். "என்னய்யா, தண்ணி அனுப்புறியா இல்லையா?" என்று மேலேயிருந்து சத்தம் போட்டதுதான் கடைசி. அதற்குப் பிறகு இவர் சாரக்கயிற்றைத் தொடவில்லை. உளியைப் பிடித்தார். நடந்ததைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

மத்தியானம் கொத்தனார் மனைவி பட்டறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, கல்லுல என்ன எழுதப் போறாங்கன்னு படிச்சுக் காட்டினாங்க. 'தன் தவறால்'னு வேணாம்ணே. 'தவறி'ன்னு போட்டுடுங்க. கமிட்டித் தலைவர்கிட்ட கேட்டேன், உளிக்காரருக்குச் சரின்னா எனக்கும் சரின்னுட்டார்."

"ஒரு சொல்லுல என்னம்மா இருக்கு?"

"நல்லா கேட்டீங்க! குடிச்சுட்டு ஏறியிருப்பார்னு என் மக காதுபடவே அவ மாமியார் சொல்றாங்க. அந்த மனுஷன் ஒரு சொட்டு வாயில வச்சதில்லண்ணே. கல்லுலயும் வெட்டிட்டா, நாளைக்குப் பேரப் பிள்ளைங்களும் அதைத்தானே படிக்கும்?"

'சாரம் அவிழ்ந்து.' அதுதான் சரியான சொல். உளிக்காரருக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கட்டினது யாரென்று கேட்பாளே! முப்பது வருஷமாக அண்ணே அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். மனுஷர் துணியைக் கையில் எடுத்தார்.

கரியைத் துடைத்தார். 'தவறி' என்று எழுதி, அவள் கண்ணெதிரே செதுக்கினார். மூன்றே எழுத்து.

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "போதும்ணே. எனக்கு இது போதும்." கல்தூசி அப்பியிருந்த அவருடைய வலது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்தக் கை நல்லா இருக்கணும்."

அவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை. இறுக்கிப் பிடித்திருந்தாள்.