ஐந்தாம் கட்டத்தில் செத்த சுரம்

என் பேஸ் கிட்டாரின் கழுத்தில், மெல்லிய தந்தியின் கீழே குறுக்குக் கம்பிகள் பிரிக்கிற ஐந்தாம் கட்டத்தில், ஒரு சுரம் செத்துக் கிடந்தது. மற்ற இடங்களில் தட்டினால் ‘டூம்ம்ம்’ என்று நீளும். அங்கே மட்டும் ‘டுப்’. ஈரத் துணியில் குத்துவிட்ட சத்தம்.

எங்கள் குழுவின் கடைசிப் பாட்டு அந்தச் சுரத்தில்தான் முடியும். எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள். நான் மட்டும் எட்டு எண்ணும்வரை இழுக்க வேண்டும். முப்பத்தொரு வருடமாக மேடையில் எனக்கென்று இருக்கிற சொத்து அந்த எட்டு எண்ணிக்கைதான். பழைய கிட்டார் ஒழுங்காகத்தான் இழுத்தது. அதன்மேல் என் மச்சினன் வேனைப் பின்னால் எடுத்தான். பிறகு வாங்கியதில்தான் இந்தப் பிணம்.

மச்சினன்தான் குழுவுக்குத் தலைவன், டிரம்ஸும் அவனே. ஒத்திகை முடிந்ததும் சொன்னான்:

“அத்தான், சனிக்கிழமை கச்சேரிலயும் இப்படி டுப்புனு நின்னுச்சுன்னா, பேஸை இனிமே கீபோர்டுக்காரரே இடது கையால பாத்துக்குவாரு. நீங்க முன்வரிசைல உக்காந்து கேளுங்க.”

“முன்வரிசைலயா?”

“மரியாதைக்குத்தான்.”

தந்திகளைப் புதிதாக மாற்றினேன். டுப். கழுத்தின் திருகுகளை முறுக்கினேன். டுப். கெஞ்சினேன். டுப். ரிப்பேர்காரரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் கழுத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசினார்.

“மரம்னா எங்கயாவது இப்படி ஒரு எடம் இருக்கும் சார். தந்தி ஆடாம கழுத்து ஆடும். சத்தத்த அதுவே குடிச்சிரும்.”

“குடியை நிறுத்த வழி இருக்கா?”

“நிறுத்த முடியாது. வேணும்னா கிட்டார் தலைல கனத்த ஏத்தி, கொஞ்சம் தள்ளி உக்கார வைக்கலாம். இல்லேன்னா இதே சுரம் பக்கத்துத் தந்தில பத்தாம் கட்டத்துல இருக்கே, அங்க வாசிங்க.”

பத்தாம் கட்டத்துக்கு என் விரல் போய்ச் சேருவதற்குள் பாட்டு முடிந்து, கைதட்டல் அடங்கி, நாற்காலிகளை அடுக்கிவிடுவார்கள். தள்ளி உட்கார வைப்பது என்று முடிவு செய்தேன்.

வீட்டில் கிட்டாரின் தலையைப் பீரோவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துத் தட்டினேன். செத்தது எழுந்துவிட்டது. நான் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன், இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. இதில் ஒரு சொல்கூட மிகையில்லை. டீ கொஞ்சம் சூடாக இருந்ததால் ஊதிக் குடிக்கவும் நேரம் இருந்தது.

“சனிக்கிழமை ஒரு நாள் பீரோவை எடுத்துட்டுப் போகட்டுமா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“அதுல என் துணி இருக்கு.”

“துணியோடயே கொண்டுபோறேன்.”

“போறதுன்னா நீங்களும் அது உள்ளயே இருந்துக்குங்க.”

ஆகவே தச்சர்கள் பலகையைக் கவ்வ வைக்கிற இரும்பு கிளாம்ப் ஒன்றைக் கிட்டாரின் தலையில் பூட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். ஐந்தாம் கட்டம் பாடியது. ஆறாம் கட்டம் செத்தது. மூன்று நாள், நான்கு கிளாம்ப். எத்தனை மாற்றினாலும் பிணம் ஆறாம் கட்டத்தை விட்டு நகரவில்லை. கிடக்கட்டும், கடைசிப் பாட்டில் ஆறாம் கட்டத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

சனிக்கிழமை, நூலகத்தின் கூட்ட அறை. கடைசிப் பாட்டுக்கு முன் எங்கள் பாடகி, தொழிலில் பல் டாக்டர், திரும்பிச் சொன்னார்:

“இன்னிக்குத் தொண்டை நல்லா இருக்கு. அரை கட்டை ஏத்திக்கலாமா?”

அரை கட்டை ஏற்றினால் எல்லாச் சுரமும் ஒரு கட்டம் நகரும். ஐந்து, ஆறாகும்.

“வேண்டாம்மா” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மச்சினன் குச்சியைத் தட்டி எண்ணிவிட்டான். அந்தப் பாட்டு முழுக்க நான் திட்டிய திட்டுகளைத் தாளத்தோடுதான் திட்டினேன், ஒன்றுகூடத் தப்பவில்லை.

முடிவு வந்தது. எல்லோரும் கையை எடுத்தார்கள். ஆறாம் கட்டத்தை அழுத்தித் தட்டினேன். டுப்.

என் முன்னால் ஒரு மைக் இருந்தது. கோரஸில் நான் பாட வேண்டாம் என்று போன வருடமே சொல்லிவிட்டார்கள். மைக்கை எடுக்க மறந்துவிட்டார்கள். வாயைத் திறக்காமல், அடிவயிற்றிலிருந்து அந்தச் சுரத்தைப் பிடித்து ‘ம்ம்ம்ம்’ என்று இழுத்தேன். கிட்டார்தான் பாடுகிறது என்று தெரிய, விரலைத் தந்தியின் மேல் அசைத்துக்கொண்டே இருந்தேன். ஐந்தில் கண்ணில் பூச்சி பறந்தது. ஏழில், காலமான என் பெரியப்பா வந்து “வர்றியாடா?” என்றார். “அப்புறம் பாக்கலாம்” என்று அவரை அனுப்பிவிட்டு எட்டையும் முடித்தேன்.

கைதட்டல் அடங்க நேரமானது. மச்சினன் டிரம்ஸைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அத்தான், பேஸ்னா இதுதான் பேஸ். உங்க எடத்துக்கு யாரும் வர முடியாது. அடுத்த தடவை எட்டு வேண்டாம், பதினாறு எண்ணுவோம்.”

“பதினாறா?” என்றேன், மூச்சு வாங்கிக்கொண்டே.

“ஏன், கிட்டாருக்கு மூச்சா முட்டப்போகுது?”