மாற்றுப் பாதையில் இடமில்லை

வங்கிக்காரர்கள் மூன்று பேர் இன்டர்நெட் கம்பெனியின் கண்ணாடி அறையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து மேனேஜருக்கு வாயெல்லாம் பல். பெரிய கேபிள் அறுந்தாலும் கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் மாற்றுப் பாதைக்குப் போய்விடும் என்று அளந்துகொண்டிருந்தார். உண்மைதான். மாற்றுப் பாதை குறுகலானது என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். நெருக்கடியில் யாரை ஏற்றுவது, யாரைத் தள்ளிவிடுவது என்ற பட்டியலை எழுதியவன் இன்ஜினியர். வங்கிகள் முதலில், வீட்டு லைன்கள் கடைசியில்.

"கேபிளைப் பிடுங்குப்பா," என்றார் மேனேஜர் அவனிடம்.

மணி பதினொன்று ஐந்து. வீட்டில் அவன் அக்கா கேமரா முன்னால் உட்கார்ந்து கடைசிச் சுற்று இன்டர்வியூவில் பேசிக்கொண்டிருந்தாள். பழைய கம்பெனியை இழுத்து மூடிய பிறகு இரண்டு வருஷத்தில் அவளை இவ்வளவு தூரம் வரவிட்டது இந்த ஒரு இடம்தான்.

அவன் மேனேஜர் காதோரம் குனிந்தான். "சார், ஒரு இருபது நிமிஷம் போகட்டும். எங்க அக்காவுக்கு இன்டர்வியூ நடக்குது. வீட்டு லைன் விழுந்துடும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் முட்டாள்.

மேனேஜர் உரக்கச் சிரித்தார். "கேட்டீங்களா? இவரோட அக்கா இப்ப இன்டர்வியூல இருக்காங்களாம். அந்த லைனையும் ஸ்கிரீன்ல போடுப்பா, இவங்க லைனுக்குப் பக்கத்துல. யாரைத் தள்ளிட்டு உங்களுக்கு இடம் கொடுக்கிறோம்னு நீங்களே பாருங்க சார்."

"ஐயோ பாவம்," என்ற ஒரு வங்கிக்காரர், நன்றாகத் தெரிவதற்காக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமே என்று கேபிளைப் பிடுங்கினான்.

வங்கியின் கோடு அசையவே இல்லை. அக்காவின் கோடு தரைக்கு இறங்கிப் படுத்துவிட்டது. மூவரும் கை தட்டினார்கள். வெட்கங்கெட்ட மனசு, தான் செய்த வேலை பிசகவில்லை என்று ஒரு நொடி பூரித்துக்கொண்டது.

"மாட்டிடட்டுமா சார்?"

"என்ன அவசரம்? ஓடட்டும், பார்ப்போம்."

கால் மணி நேரத்தில் செல்போன் அடித்தது.

"டேய், பாதியில எல்லாம் நின்னுபோச்சுடா. போன் பண்ணிக் கெஞ்சினேன். அடுத்த ஆளை எடுத்துட்டாங்களாம். உங்க ஆபீஸ்ல ஏதாவது கோளாறா?"

எட்டுக் கண்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இங்க ஒரு கோளாறும் இல்லக்கா. உன் கம்ப்யூட்டர்தான் பழசு."

"நீ அப்பவே மாத்தச் சொன்னடா," என்று விம்மினாள் அக்கா. "நான்தான் கேக்கல."