ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை

ஹரிணியின் பெயரை டீம் ஷீட்டிலிருந்து அடித்தது நான்தான். அதற்காக மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. முழுக் கதையும் கேட்டுவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

என் பெயர் தேவகுமாரி. ஏற்காட்டு மலையில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பேர் போட்டு, யார் எந்தக் காட்டுக்குப் போவது என்று பிரித்து அனுப்புவது என் வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மலைப் பெண்கள் ரக்பி கிளப்புக்கு நான்தான் மேனேஜர். டோமினிக் மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் ஆட்டத்தை ஆரம்பித்து வைத்துவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். முட்டை மாதிரி ஒரு பந்தும் பன்னிரண்டு பெண்களும் என் தலையில் வந்து விழுந்தார்கள். எங்கள் மைதானம் ஒரு பக்கம் சாய்ந்தது. மேலிருந்து கீழே ஓடும்போது எல்லோரும் வீராங்கனைகள், திரும்பி மேலே ஓடும்போது தெரியும் சங்கதி.

ஹரிணிக்கு மட்டும் மேடும் ஒன்றுதான், பள்ளமும் ஒன்றுதான். இருபத்திரண்டு வயது. எங்கள் எஸ்டேட் கலாவதியின் மகள். அவள் கைக்குப் பந்து போய்விட்டால் எதிராளிகள் புல்லைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள்.

கலாவதியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், அரூர்ப் பக்கம் ஒரு சாவுக்குப் போய்விட்டு ராத்திரி பஸ்ஸில் வந்து, நேராக வேலைக்கு வந்து நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. "பரவால்லீங்க ரைட்டரம்மா, பேர் போடுங்க" என்று கெஞ்சினாள். போட்டேன். போட்டதோடு விடாமல் சரிவுக் காட்டுக்கு அனுப்பினேன். பத்து மணிக்கு, தோளில் பழ மூட்டையோடு உருண்டு விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. இன்றுவரை கம்பு ஊன்றித்தான் நடக்கிறாள்.

அன்றிலிருந்து எங்கள் எஸ்டேட்டில் ஒரு சட்டம், நான் போட்டது. ராத்திரிப் பயணம் செய்து வந்தவர்கள் ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடி, நான் பத்து எண்ணும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். தடுமாறினால் சரிவுக்குப் போகக் கூடாது, களத்தில் காபிக்கொட்டை கிளறலாம். மேஸ்திரி சிரித்தார். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று என் காதுபடவே சொன்னார். சொல்லட்டும். அதற்குப் பிறகு ஒருவர்கூட உருளவில்லை.

இந்த வருஷம் எங்கள் கிளப்புக்கு மலேசியாவிலிருந்து அழைப்பு வந்தது. ஈப்போ ஊரில் எட்டு நாட்டுக் கிளப்புகள் ஆடும் போட்டி. ஏழு பேர் ஆட்டம், பாதிக்கு ஏழே நிமிஷம். சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க ஹாங்காங்கிலிருந்து ஒரு கிளப்பின் பயிற்சியாளர் வருகிறார் என்றும், ஹரிணியின் வீடியோவைப் பார்த்துவிட்டு அவளுக்காகவே வருகிறார் என்றும் கடிதம் வந்தது. பிடித்துப்போனால் இரண்டு வருஷ ஒப்பந்தம். காபிப்பழம் பறிக்கிற வீட்டிலிருந்து ஒரு பெண் ஹாங்காங்குக்கு! அன்றைக்கு நான் சர்ச்சில் சத்தமாக அழுதேன்.

பயணத் திட்டத்தை நான்தான் போட்டேன். வியாழக்கிழமை காலையில் ஈப்போவில் இறங்க வேண்டும், இரண்டு ராத்திரி தூங்க வேண்டும், சனிக்கிழமை ஆட வேண்டும். அதற்குள் எங்கள் பயணச் செலவை ஏற்றுக்கொண்ட ஸ்பான்சர் கம்பெனி கோவிந்தராஜ் என்று ஒருவரைப் பயண மேலாளராக அனுப்பியது. கெட்ட மனுஷர் இல்லை. விழா என்றால் உயிர். வெள்ளிக்கிழமை சென்னையில் வழியனுப்பு விழா வைத்து, டிக்கெட்டை அன்றைய ராத்திரிக்கு மாற்றிவிட்டார். "ஏனுங்க, பிள்ளைங்க எப்பத் தூங்குவாங்க?" என்று கேட்டேன். "இளம் வயசு மேடம், பஸ்ல தூங்கிப்பாங்க" என்றார்.

அவருக்கு எங்கள் பிள்ளைகளைத் தெரியாது. ஏற்காட்டு மலையின் இருபது கொண்டை ஊசி வளைவிலும் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்குவார்கள். நேரான ரோடு வந்தால் ஒருத்திக்கும் கண் மூடாது. வியாழக்கிழமை சாயங்காலம் மலையிறங்கினோம். சேலத்திலிருந்து சென்னை வரை அத்தனை பேரும் பொட்டுத் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வர வேண்டிய சிறப்பு விருந்தினர் நாலு மணிக்கு வந்தார். அதுவரை பிள்ளைகள் மேடையில் ஜெர்சியோடு முதுகு சாயாமல் இருந்தார்கள். ஆளுக்கொரு பொன்னாடை. ஹரிணிக்கு மூன்று. ராத்திரி விமானம். மலேசியாவில் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதையும் எங்கள் தூக்கத்திலிருந்துதான் பிடித்துக்கொண்டார்கள். விடியுமுன்னே கோலாலம்பூரில் இறங்கி, மறுபடி பஸ் ஏறி, பத்து மணிக்கு ஈப்போ மைதானத்தில் நின்றோம். பதினொன்றரைக்கு ஆட்டம்.

எதிரணி பெர்த்திலிருந்து வந்திருந்த கிளப். செவ்வாய்க்கிழமையே வந்து சேர்ந்துவிட்டார்களாம். புல்லில் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் எங்கள் பிள்ளைகளில் ஒன்றே முக்கால் இருப்பாள். அந்த உடம்பு ஓடிவந்து மோதும்போது தலையை எந்தப் பக்கம் வைப்பது என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். தூங்காதவளுக்கு அந்த அரை நொடி கிடைக்காது. கழுத்து போய்விடும்.

டீம் ஷீட் என் கையில் இருந்தது. கிளப் மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். நான் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தேன். "ஒத்தைக் கால்ல நில்லுங்க. கண்ணை மூடுங்க." அவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது, எல்லோரும் எஸ்டேட் வீட்டுப் பிள்ளைகள்தானே. எட்டு நாட்டுக்காரர்களும் வேடிக்கை பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள், யோகா என்று நினைத்திருப்பார்கள். நான் எண்ணினேன். மூன்று பேர் ஏழு, எட்டில் விழுந்தார்கள். ஹரிணி நாலிலேயே விழுந்தாள்.

"மறுபடி எண்ணுங்கக்கா" என்றாள். எண்ணினேன். இந்த முறை மூன்று.

பேனாவை எடுத்து அவள் பெயரை அடித்தேன். மற்ற மூன்று பேரையும் அடித்தேன். ஹரிணியின் இடத்தில் சரண்யாவின் பெயரை எழுதினேன்.

ஹரிணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஹாங்காங் அம்மா அங்க உக்காந்திருக்காங்கக்கா. இன்னைக்கு ஒரு நாள்தான் இருப்பாங்க. என்னை எறக்குங்க. கால்ல வேணாலும் உழறேன்."

"நாளைக்கு எறக்கறேன் கண்ணு."

"நாளைக்கு அவங்க இருக்க மாட்டாங்கக்கா!"

கோவிந்தராஜ் ஓடி வந்தார். "என்ன மேடம் பண்றீங்க? ஹரிணி இல்லாம இது டீமா? எலும்பு உடைஞ்சவங்களே ஊசி போட்டுக்கிட்டு ஆடறாங்க. இந்தப் பொண்ணு தூங்கலை, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானுங்க."

"அவ வாழ்க்கையைக் கெடுக்கறீங்க."

"செவுரு இருந்தாத்தானுங்க சித்திரம். அவ கழுத்துக்கு நீங்க ஜவாப்தாரின்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க, எறக்கறேன்." பேனாவை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அடுத்த வருஷம் உங்க கிளப்புக்கு ஒரு ஜெர்சிகூட வராது."

"பழைய சட்டையில ஆடிக்கறோமுங்க. பொன்னாடைதான் கெடக்குதே பதினாலு, அதையும் தெச்சுக்கறோம்."

ஹாங்காங் பயிற்சியாளரிடம் நானே போனேன். என் ஓட்டை இங்கிலீஷில் விஷயத்தைச் சொல்லி, ஒரு நாள் தங்க முடியுமா என்று கெஞ்சினேன். எனக்காக நான் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். சாயங்காலமே விமானம் என்றார், மாற்ற வழியில்லை என்றார்.

எட்டு பேரை வைத்து ஆடினோம். இருபத்தொன்பதுக்கு ஐந்து என்று தோற்றோம். அந்த ஐந்தும் சரண்யா போட்டது. வெளிக்கோட்டருகே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஹரிணி குனிந்தே இருந்தாள். ஆனாலும் பதினாலு நிமிஷத்தில் ஒரு நிமிஷம்கூட அவளை அனுப்ப எனக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குப் படுத்தவள் மறுநாள் காலை ஆறுக்கு எழுந்தாள். அன்றைக்கு, முதல் நாள் தோற்ற அணிகளுக்கான ஆட்டம், சிங்கப்பூர்க் கிளப்போடு. மைதானத்துக்குப் போனதும் நான் கேட்காமலே ஒற்றைக் காலைத் தூக்கிக் கண்ணை மூடி, என் பக்கம் திரும்பி நின்றாள். பத்துக்கு மேலும் நின்றாள். இருபது எண்ணியும் காலைக் கீழே வைக்கவில்லை. அப்புறம் போய் நாலு முறை கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தாள். முப்பத்தொன்றுக்கு ஏழு என்று ஜெயித்தோம். பார்க்க வேண்டியவர் அமர்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் ஹரிணி அந்த நாற்காலியைத்தான் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் என்னை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தாள். சேலத்தில் இறங்கியபோது போனில் கோவிந்தராஜின் செய்தி: "நடந்ததற்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்கவும். இல்லையேல் மேனேஜர் பொறுப்பிலிருந்து நீக்கப் பரிந்துரைக்கப்படும்." போனைப் பைக்குள் போட்டேன். ஏற்காடு பஸ்ஸில் ஹரிணிக்கு என் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. முதல் வளைவில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்றாவது வளைவில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஏற்காட்டில் எழுப்பி, நாகலூர் பஸ்ஸில் ஏற்றினேன்.

நாகலூர் நிறுத்தத்தில் கலாவதி கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஹரிணி இறங்கியதும் வெடித்தாள். "அம்மா, ரைட்டரக்கா என்னை எறக்கவே இல்லம்மா. பாக்க வந்தவங்க போயிட்டாங்க. எல்லாம் போச்சு."

கலாவதி என்னைப் பார்த்தாள். "நெசமாங்க ரைட்டரம்மா?"

"நெசந்தாங்க. ரெண்டு ராத்திரியாத் தூங்கல. பேரை அடிச்சுட்டேன்."

"எறக்கச் சொல்லிக் கெஞ்சுனாளா?"

"நொம்பக் கெஞ்சுனா."

கலாவதி கம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். கோபமாகச் சொல்லவில்லை. பதினோரு வருஷமாக வைத்திருந்ததை மெதுவாகக் கேட்டாள்.

"நானுந்தானுங்க அன்னைக்குக் கெஞ்சுனேன். எனக்கு மட்டும் ஏனுங்க பேர் போட்டீங்க?"

ஹரிணியின் அழுகை நின்றுவிட்டது. அம்மாவின் கம்பைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ரோட்டிலேயே கலாவதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "தப்புதாங்க. என்னை மன்னிச்சிருங்க" என்றேன். கலாவதி தலையை மட்டும் ஆட்டினாள். ஹரிணி ஒரு தோளில் தன் பையையும் மறு தோளில் என் பையையும் மாட்டிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலமே கோவிந்தராஜுக்குப் பதில் எழுதினேன்.

"ஐயா, வணக்கம். நான் மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் ஒருத்திதான். அவளிடம் இன்றைக்குக் கேட்டுவிட்டேன். அடுத்த முறையும் ஒற்றைக் காலில் பத்து எண்ணித்தான் ஆளை இறக்குவேன்."