விடைபெறாத வெள்ளிக்கிழமை

ஜனவரியில் நிலையத்தின் காலை நிகழ்ச்சியை லண்டனுக்கு மாற்றினார்கள். ஈஸ்டருக்குள் செய்தி அறையைக் காலி செய்தார்கள். கோடையில் வாசல் பலகையிலிருந்து ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு, நாடு முழுக்க எல்லா நிலையங்களுக்கும் வைத்த பெயரையே இங்கேயும் மாட்டினார்கள். வட இங்கிலாந்தின் வொர்க்கிங்டனில், கம்பளக் கடைக்கு மேலே இருந்த அந்த வானொலி நிலையத்தில் ஜனீனின் மாலை நிகழ்ச்சி மட்டும் மிச்சமிருந்தது. நவம்பரில் அதற்கும் நாள் குறித்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி.

மேலாளர் டங்கன் அவளைக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னான். மான்செஸ்டரில் ஒரு வேலை இருக்கிறது; வடக்கு ஊர்களுக்கெல்லாம் சாலை நெரிசலையும் வானிலையையும் அங்கே உட்கார்ந்து பதிவு செய்து அனுப்ப வேண்டும். இன்னொன்று, வெள்ளிக்கிழமை மைக்கில் விடைபெறுகிற பேச்சே கூடாது. போகிறேன் என்று ஒரு வார்த்தை வந்தாலும் மான்செஸ்டர் கிடையாது. கேட்பவர்கள் கோபித்துக்கொண்டு வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள் என்று லண்டன் தலைமையகத்துக்குப் பயம். திங்கட்கிழமை வேறு குரல் வரும், பழகிக்கொள்வார்கள். வானொலியில் இது வழக்கம்தான். முன்னால் வேலை போனவர்கள் எல்லாரும் இப்படித்தான் காணாமல் போனார்கள்.

ஐம்பத்தாறு வயதில் வேறு எவனும் தனக்கு வேலை தரப்போவதில்லை என்று ஜனீனுக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் பேசிவிட்டுச் சொல்லாமல் எழுந்து போக அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அதைப் பக்கத்து அறையில் ஒலிபரப்பைக் கவனிக்கும் நெவிலிடம் மட்டும் சொன்னாள்.

"பேசாம இரு ஜனீன். உனக்குச் சிலை வெக்கப் போறாங்களா?"

"சிலை வேணாம்யா. போயிட்டு வரேன்னு சொல்லணும், அவ்ளோதான்."

"சொன்னா போறது மட்டும்தான். வரமாட்ட."

வெள்ளிக்கிழமை விடாத மழை. மேரிபோர்ட் சாலையில் கவிழ்ந்த லாரி, தள்ளிப்போட்ட ரக்பி ஆட்டம், யாரோ தொலைத்த நாய் என்று வழக்கம்போல வாசித்தாள். கடைசிப் பாட்டு முடிந்து, மைக் திறந்திருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தபோது ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். தன் குரல் தன் காதில் விழுந்தால் நிறுத்திவிடுவோம் என்று பயம். மேஜையைப் பார்த்தபடியே பேசினாள். திங்கட்கிழமை முதல் இங்கே இருக்கமாட்டேன், நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள், கேட்டவர்களுக்கு நன்றி. அழுகை வரவில்லை. நிமிர்ந்தபோது விளக்கு அணைந்திருந்தது.

பக்கத்து அறையில் நெவில் கையை இன்னும் ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து எடுக்கவில்லை.

"எந்த எடத்துல வெட்டின?"

"நீ வாயத் தொறந்ததுமே விளம்பரத்தப் போட்டுட்டேன்."

"ஒரு வார்த்தகூடப் போகலையா?"

"திங்கட்கிழமைன்னு மட்டும் போச்சு."

அவள் கதவில் சாய்ந்தாள். யார் சொல்லிச் செய்தாய் என்று கேட்டாள்.

"டங்கன் என்னையும் கூப்பிட்டான். நீ பேசினா எனக்கும் வேலை இல்லையாம். உனக்காகத்தான் செஞ்சேன்னு சொல்லலாம்னு பார்த்தேன். வாய் வரல."

திட்ட வேண்டும் என்று தோன்றியது. அதற்கு நிமிர்ந்து நிற்க வேண்டும், மூச்சை இழுக்க வேண்டும். அவளுக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

அதற்குள் தன் அறையில் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த டங்கன் வந்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு.

"ரொம்ப நாகரிகமா முடிச்சீங்க ஜனீன். கடைசில திங்கட்கிழமைன்னு மட்டும் சொல்லி நிறுத்தினீங்க பாருங்க, எனக்கே அந்த மாதிரி தோணியிருக்காது. லண்டன்லயும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. மான்செஸ்டர் உங்களுக்குத்தான்."

நெவில் தரையைப் பார்த்தான். ஜனீன் இப்போதும் சொல்லலாம். நான் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன், உன் ஆள்தான் வெட்டினான் என்று. இரண்டு பேர் வேலையும் அந்த அறையிலேயே முடிந்துவிடும். ஊருக்கு அப்போதும் ஒன்றும் தெரியப்போவதில்லை.

"இங்கேருந்து முதல் ரயிலப் புடிச்சாலும் மான்செஸ்டருக்கு லேட்டாத்தான் போய்ச் சேருவேன்," என்றாள் ஜனீன். "பரவாயில்லையா?"

பழகும்வரை பரவாயில்லை என்றான் டங்கன்.