ஒற்றை வயல்

மழை வருஷா வருஷம் கைவிரிக்கிறதே என்று, சீக்கிரம் விளையும் கம்பை ஊரில் ஒரு விவசாயி மட்டும் விதைத்தார். ஊரே சிரித்தது. கடைசியில் ஊர்ப் பயிரெல்லாம் கருகிப்போக, அவர் வயலில் மட்டும் கதிர் பால் பிடித்தது.

அங்கேதான் வந்தது வினை. சுற்றுவட்டாரக் குருவிகளுக்கெல்லாம் அந்த ஒரு வயல்தான் மிச்சம். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தகரத்தைத் தட்டிக்கொண்டு அவர் வரப்பிலேயே ஓடினார். இந்த மூலையில் விரட்டினால் அந்த மூலையில் இறங்கின.

“அறுத்துத் தொலைங்களேன்,” என்றாள் சோறு கொண்டுவந்த மனைவி.

“இப்ப அறுத்தா பதருதான் மிஞ்சும். இன்னும் பத்து நாள் ஆகணும்.”

“பயிர் கருகினவங்க எல்லாம் வீட்டுல நிம்மதியா படுத்திருக்காங்க.”

“வாயை மூடு!” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

ஒரு குருவிகூட எழும்பவில்லை.