இரண்டு சிம் போட்ட போன்

காலைத் தேநீரை இராசலிங்கத்தின் முன்னால் வைக்கும்போதெல்லாம் சந்திரகாந்திக்கு எரிச்சல் வரும். தேநீரால் அல்ல. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனுசனுக்குத் தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்க வேண்டும், அதற்கு அவள் எப்போதோ பழகிவிட்டாள். எரிச்சல், கோப்பைக்குப் பக்கத்தில் காவல் நாய் மாதிரிக் கிடக்கும் அந்தப் போனால்.

அது சீனாப் போன். தடித்த பச்சை உறை, செங்கல் அளவு கனம். குளிக்கப் போனாலும் பாத்ரூம் வாசலில் வைத்துவிட்டுத்தான் இராசலிங்கம் உள்ளே போவார். காரணம் இருந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் பதிந்து வருடக்கணக்காகிவிட்டது. எந்த நேரமும் கோல் வரலாம், எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். அவருடைய நம்பரையும் மனைவியின் நம்பரையும் வாங்கி வைத்திருந்தார்கள். கிழமைக்கு மூன்று நாள் டயாலிசிஸ் கதிரையில் படுத்து இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வரும் அந்த மனுசனுக்கு உயிர் இருந்தது அந்தப் பச்சை உறைக்குள்தான்.

வாங்கிக் கொடுத்தவள் மகள் கவிசா. தெற்கு ஜெர்மனியில் கார்ஹிங்கில் படிக்கிறாள், சனி ஞாயிறில் ஒரு பேக்கரியில் நிற்கிறாள். அந்தச் சம்பளத்தில் வாங்கினாள். சார்ஜ் இரண்டு நாளைக்கு நிற்கும், சிம் இரண்டு போடலாம். ஒன்று ஜெர்மன் நம்பர். மற்றது, யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் இருக்கிற, வாட்ஸ்அப் தெரியாத தமக்கையோடு மலிவாகப் பேசுகிற சிம். போனைச் சத்தமில்லாமல் வைத்தாலும் ஆஸ்பத்திரி நம்பர் மட்டும் வீடதிர அடிக்கும்படி செய்து கொடுத்துவிட்டுத்தான் கவிசா ரயில் ஏறினாள். பிள்ளை என்றால் பிள்ளை.

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னர் இந்தச் சீனக் கொம்பனிகளின் பெயரை அவர்கள் இருக்கிற ஹம் நகரத்தில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. இன்றைக்கு ஸ்டேசன் வாசலிலேயே ஆளுயர விளம்பரம். டயாலிசிஸ் தாதி வைத்திருப்பதும் அதுதான், பஸ் சாரதி வைத்திருப்பதும் அதுதான். ஜெர்மன்காரர் விலையைப் பார்த்தார்கள், பற்றரியைப் பார்த்தார்கள், வாங்கினார்கள். நம்முடைய சனம் அப்படியா? கலியாண மண்டபத்தில் சாப்பாட்டு மேசையைப் போய்ப் பாருங்கள். போன்களெல்லாம் முகம் குப்புறக் கிடக்கும். முதுகில் இருக்கிற கடித்த அப்பிள் எல்லோருக்கும் தெரிய வேண்டுமே! அந்த அப்பிளையும் சீனாவில்தான் பொருத்திப் பூட்டினார்கள் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். பெட்டியை யார் வாசிக்கிறார்கள்?

சந்திரகாந்தியும் அந்த மேசையில் இருக்கிறவள்தான். இரவல் நகை போட்டாலும் போடுவாள், குறைந்த விலைப் போனை வெளியே எடுக்க மாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு அந்தக் கோடையில் ஊன்ட்றொப் கோயில் தேருக்கு வந்த இடத்தில் ஒரு அடி விழுந்தது. தேர் சுற்றி முடிந்து, வாய்க்கால் பக்கத்து நிழலில் இராசலிங்கத்தைக் கதிரை போட்டு இருத்தியிருந்தாள். மடியில் பச்சை உறை. புஸ்பவதி வந்தாள். டோட்முண்டில் இரண்டு கடை, மூத்த மகனுக்குக் கலியாணம் பேசி முடித்த மிடுக்கு. குனிந்து போனைத் தூக்கி நாலு பேருக்குக் காட்டினாள்.

"என்ன லிங்கண்ணை, உங்களைச் சீனாக்காரனுக்குத் தத்துக் குடுத்திட்டினமோ? அக்கான்ரை கையிலை அப்பிள், உங்களுக்கு உதோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இராசலிங்கமும் சிரித்தார், அவருக்கு அது ஒரு விசயமே இல்லை. சந்திரகாந்திக்கு மட்டும் காது மடல் வரைக்கும் சூடேறியது. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, அந்தச் சனியனை இனி நாலு பேர் கூடுகிற இடத்துக்குக் கொண்டு வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவர் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் புஸ்பவதி வீட்டுக் கலியாணம் வந்தது, ஒரு சனிக்கிழமை பகல். முதல் நாள் டயாலிசிஸ் முடித்த களைப்பில் இராசலிங்கம் கோட்டு சூட்டோடு சோபாவில் சாய்ந்திருந்தார். சந்திரகாந்தி அலமாரியில் கிடந்த தன்னுடைய பழைய அப்பிள் போனை எடுத்துத் துடைத்து, வெள்ளை உறை ஒன்றும் போட்டு வைத்திருந்தாள். பச்சை உறைப் போனை அவர் கையிலிருந்து எடுத்தாள். அவர் தலையை நிமிர்த்தினார்.

"கிளினிக்கிலையிருந்து எடுத்தா?"

"நம்பர் இருக்கிறது சிம்மிலையப்பா, போனிலை இல்லை. சிம்மை மாத்தி விடுறன். எனக்காக ஒருநாள் இதைக் கொண்டு வாங்கோ. அவளுக்கு முன்னாலை என்னாலை திரும்பவும் தலை குனிய ஏலாது."

அவர் திரும்பவும் சோபாவில் சாய்ந்தார். கலியாண நாளில் பெண்சாதியோடு கொழுவ வேண்டாம் என்று நினைத்திருப்பார். கண்ணும் இப்போது அவருக்கு அவ்வளவு தெளிவில்லை.

அவள் சொன்னது பிழையும் இல்லை, நம்பர் சிம்மில்தான் இருக்கிறது. ஆனால் ஊசியால் குத்திச் சிம் தட்டை இழுத்தபோது அதில் சிம் இரண்டு கிடந்தன. அப்பிள் போனிலோ ஒன்றுக்குத்தான் இடம். எது எது என்று மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் மாற்றுகிறீர்கள் என்று பிள்ளை சண்டைக்கு வரும். வாசலில் காரும் வந்து நின்றது. முன்னால் இருந்ததை எடுத்துப் போட்டாள். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே இரகசிய நம்பர்தான், அடித்ததும் திறந்தது, சிக்னல் கோடுகளும் வந்தன. சரி, வேலை முடிந்தது என்று பச்சை உறைப் போனைத் தட்டோடு மூடிக் குசினி லாச்சியை இழுத்துக் கரண்டிகளோடு உள்ளே போட்டாள். பாவி, வட்டுக்கோட்டைக்குப் பேசுகிற சிம்மைக் கழற்றிக்கொண்டு, ஜெர்மன் நம்பரை லாச்சிக்குள் வைத்து மூடினாள்.

மண்டபத்தில் இராசலிங்கத்தின் வெள்ளை உறைப் போன் மேசையில் குப்புறக் கிடந்தது. அது ஒருமுறை அடித்தும் விட்டது. அவர் பதறி எடுத்தால், காசு போட்டுக் கொள்ளும்படி சிம் கொம்பனிக்காரனின் பதிவுசெய்த குரல். சந்திரகாந்தி சிரித்தாள்.

"பாத்தீங்களே, வேலை செய்யுது."

அவரும் அதை நம்பிக் கதிரையில் சாய்ந்துகொண்டார்.

மணப்பொம்பிளை பல்லக்கில் வந்தாள். நாதஸ்வரமும் மேளமும் கூரையைத் தூக்கின. சந்திரகாந்தி முன்வரிசைக்கு ஓடிப்போய்த் தன்னுடைய புதுப் போனை உயர்த்தி வீடியோ எடுத்தாள். நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், புதுப் போனில் பெயர் பதியாத நம்பர். மின்சாரக் கொம்பனி மாற்றச் சொல்லி அலுப்புக் கொடுக்கிறவர்கள்தான் சனிக்கிழமையும் எடுப்பார்கள் என்று விரலால் தள்ளிவிட்டாள். திரும்பவும் வந்தது. பொம்பிளை மணவறைப் படியில் கால் வைக்கிற நேரம், இதை விட்டால் வராது. திரும்பவும் தள்ளினாள். அதற்குப் பிறகு அந்த நம்பர் வரவில்லை. புஸ்பவதி அன்றைக்கு அவளைக் கட்டிப்பிடித்தாள், இராசலிங்கத்தின் போனைப் பார்த்து இப்பதான் ஆள் வடிவாய் இருக்கிறார் என்றாள். அந்தச் சொல்லுக்காகத்தானே இவ்வளவும். சந்திரகாந்தி இரண்டு தரம் கேசரி வாங்கிச் சாப்பிட்டாள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால், கீழ்வீட்டு ஜெர்மன் கிழவி படியில் நின்றாள். உங்கள் வீட்டில் என்ன, மத்தியானம் முழுக்க ஏதோ பெரிதாய் அடித்துக்கொண்டே இருந்தது, நெருப்பு அலாரமோ என்று பயந்துபோனேன், மேலே வந்து கதவையும் தட்டினேன் என்றாள்.

இராசலிங்கத்துக்கு விளங்கிவிட்டது. ஏற முடியாத மனுசன் கைபிடியைப் பிடித்து ஏறினார். லாச்சியைத் திறந்தார். பச்சை உறைக்குள் திரை முழுக்க ஒரே நம்பர். அவர் அதில் அழுத்திக் காதில் வைத்தார். தெரிந்த ஜெர்மனில் பெயரைச் சொன்னார், பிறந்த திகதியைச் சொன்னார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். மறுபக்கத்துப் பெண் நல்லவள், ஒன்றையும் மறைக்கவில்லை. பொருத்தமான சிறுநீரகம் வந்தது, உங்களையும் மனைவியையும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம், காத்திருக்க முடியாது, இன்னொருவருக்குப் போய்விட்டது. அவர் "டாங்கே" என்று நன்றி சொல்லி வைத்தார்.

சந்திரகாந்தி பட்டுச்சேலையோடு குசினி வாசலில் நின்றாள். ஏசுவார் என்று நின்றாள், அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"வீடியோ வடிவாய் வந்ததோ, காந்தி?"

அவ்வளவுதான். பிறகு அதைப் பற்றி அவர் கதைக்கவே இல்லை. கதைத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கவிசா கார்ஹிங்கிலிருந்து வந்தாள், தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போனாள், தாயோடு பேசவில்லை. வீடியோவில் இரண்டு இடத்தில் படம் உதறும், விரல் கோலைத் தள்ளிய இடங்கள். சந்திரகாந்தி அதை அழிக்கவும் மாட்டாள், போட்டுப் பார்க்காமல் இருக்கவும் மாட்டாள். இராசலிங்கத்தின் பெயர் இன்னும் பட்டியலில் இருந்தது. கோல்தான் வரவில்லை. குளிர்காலத்தில் இதயமும் களைத்துப்போய், பெப்ரவரியில் ஒருநாள் டயாலிசிஸ் கதிரையிலேயே இராசலிங்கம் கண்ணை மூடினார். பச்சை உறைப் போன் அவருடைய வயிற்றின் மேல் கிடந்தது.

செத்தவீட்டுக்கு மயான மண்டபம் நிறையச் சனம். யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் இருக்கிற சொந்தங்கள் பார்ப்பதற்கு நேரலை போட வேண்டும். இப்போதெல்லாம் அது இல்லாமல் ஒரு செத்தவீடும் இல்லை. நான் எடுக்கிறேன் என்று புஸ்பவதி முன்னால் வந்தாள். கைப்பையிலிருந்து புதுப் போன் ஒன்றை எடுத்து, புத்தகம் மாதிரி விரித்தாள். வரிசையில் இருந்த பெண்கள் பிணத்தை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தார்கள். ஒருத்தி மெல்ல என்ன மொடல் என்று கேட்டாள்.

"சீனாக்காரன்ரை. இப்ப அவங்கள்தான் திறம், பிள்ளை. அப்பிளை விட விலை. கமரா எண்டா அப்பிடி ஒரு கமரா. எங்கடை மனுசன் இத்தாலி போய் வரேக்கை வாங்கினவர்."

புஸ்பவதி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். மண்டபம் அமைதியாக இருந்தபடியால் சந்திரகாந்திக்கு எழுத்தெழுத்தாகக் கேட்டது. தகப்பனின் காலடியில் நின்ற கவிசா திரும்பித் தாயைப் பார்த்தாள். செப்டம்பருக்குப் பிறகு பிள்ளை அவளை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

சந்திரகாந்தி எழுந்தாள். கைப்பைக்குள்ளிருந்து பச்சை உறைப் போனை எடுத்தாள். பெட்டிக்குள் படுத்திருந்த மனுசனின் பக்கத்தில் போய் நின்றாள். புஸ்பவதியின் விரித்த போன் அவளையே எடுத்துக்கொண்டிருந்தது, கனடாவிலும் யாழ்ப்பாணத்திலும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிப்பாட்டாதை புஸ்பவதி, எடு. எல்லாரும் கேக்கட்டும். நீ சிரிச்ச சீனாப் போன் இதுதான். இது வேலை செய்தது. மத்தியானம் முழுக்கக் குசினி லாச்சிக்குள்ளை கிடந்து என்ரை மனுசனைக் கூப்பிட்டது. உன்ரை வாய்க்குப் பயந்து இதை உள்ளுக்குப் போட்டவள் நான். உன்ரை மருமகளைப் படம் எடுக்கவெண்டு ஆஸ்பத்திரிக் கோலைத் தள்ளி விட்டவளும் நான்தான். நீ இண்டைக்கு வேறை மாதிரிக் கதைக்கிறாய், நாளைக்கு வேறை மாதிரிக் கதைப்பாய், அதாலை உனக்கொண்டும் குறையப்போறதில்லை. நான்தான் அவரைக் குடுத்திட்டு நிக்கிறன்."

யாரோ அவளுடைய தோளைத் தொட்டார்கள். அவள் கையைத் தட்டிவிட்டாள். கமராவை நேராகப் பார்த்தாள்.

"ஒரு சாமானை வாங்கிறதெண்டா உங்கடை தேவையைப் பாத்து வாங்குங்கோ. மற்றவை என்ன சொல்லுவினம் எண்டு பாக்காதேங்கோ. சொல்லுறவை ஒருத்தரும் உங்கடை வீட்டுக் கோலை எடுக்க வரமாட்டினம்."

புஸ்பவதி விரித்த போனை மடித்தாள். கவிசா வந்து தாயின் கையிலிருந்து பச்சை உறைப் போனை வாங்கி, தகப்பனின் நெஞ்சில் வைக்கப்போனாள். மயானத்து ஜெர்மன்காரர் பணிவாகக் கையைக் காட்டித் தடுத்தார். பற்றரி இருக்கிற சாமான் எரிகிறபோது வெடிக்கும், உள்ளே விட அனுமதியில்லை. பெட்டியை மூடினார்கள். போனை மகள் வைத்துக்கொண்டாள், தாயிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.